மூங்கிலேரியின் கண்ணாடிப்பாசி

அந்தப் பாசி நேற்றைவிடப் பெரிதாக இருந்தது.

கொஞ்சம்தான். நுண்ணோக்கிக்குள் தெரியும் அளவுகோலில் இரண்டு கோடு தள்ளி நின்றது, அவ்வளவே. வேறு யாராக இருந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ரேணுகாம்பாள் கண்டுகொண்டாள். ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டெடுத்துக் கட்டம் போட்ட கண்ணாடித் துண்டில் விட்டு, அதிலிருக்கும் பாசிகளை இனம் பிரித்து எண்ணுவதுதான் பதினாறு வருடமாக அவளுக்கு வேலை. பதினாறு வருடம் எண்ணியவளுக்கு இரண்டு கோடு என்பது சும்மா விடுகிற சமாச்சாரம் இல்லை.

வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். கீழே மிஷின் ஓடும் சத்தமும், சூடான காகிதத்தின் வாசனையும், கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுத வந்தவர்களின் பேச்சும் படிக்கட்டு வழியாக ஏறி வந்துகொண்டே இருக்கும். மேலே இரண்டே பேர். ஒருத்தி ரேணு. இன்னொருத்தி கூடத்தை நடத்துகிற சாயிரா பானு. வயதில் இளையவள், சிரிப்பில் கஞ்சத்தனம் இல்லாதவள்.

"சாயிரா, இங்க வந்து பாரு. இது வளந்திருக்கு."

சாயிரா குனிந்து பார்த்தாள். "பாசின்னா வளரும்தானேக்கா?"

"எண்ணிக்கைல வளரும். சைஸ்ல வளராது. இது வளரவே கூடாத ஜாதி."

"நீங்க கண்ணாடி மாத்தி எத்தனை வருசம் ஆவுது?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தபடியே போய்விட்டாள்.

ரேணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இனத்துக்குப் புத்தகத்தில் டயாட்டம் என்று பெயர். கண்ணாடிப்பாசி என்பது ரேணு வைத்த பெயர். மணலிலிருந்து கரைந்து வரும் சத்தைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சி, தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூடு என்றால் சோப்பு டப்பா போல, ஓர் அடி, அதைக் கவ்விக்கொண்டு ஒரு மூடி. அது இரண்டாகப் பிரியும்போது ஒன்று பழைய மூடியை எடுத்துக்கொள்ளும், மற்றது பழைய அடியை எடுத்துக்கொள்ளும். கையில் கிடைத்ததை மூடியாக வைத்து, அதற்குள் அடங்குகிற அளவில் மீதிப் பாதியைப் புதிதாகக் கட்டும். அதனால் பிரியப் பிரியச் சிறுத்துத்தான் போக வேண்டும். ரொம்பச் சிறுத்துவிட்டால் ஒரே தாவலில் பழைய அளவுக்குத் திரும்பும்; அதைத் தாண்டி ஒரு கோடுகூடப் போகாது. இது தாண்டியிருந்தது.

அவள் அளவை நோட்டில் எழுதவில்லை. எழுதாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பாசியை மூங்கிலேரிக்குள் ஜெயிக்க வைத்தவளே அவள்தான்.

மூங்கிலேரியில் பெயருக்குக்கூட ஒரு மூங்கில் கிடையாது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. போன கோடையில் அது பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போல ஆகிவிட்டது. பௌர்ணமிதோறும் அன்னதானப் பாத்திரங்கள் தேய்த்த தண்ணீர், புதிது புதிதாக முளைத்த கட்டடங்களின் கழிவு, வயலில் போட்ட உரம் எல்லாம் வந்து சேர்ந்தால் வேறென்ன ஆகும்? நாற்றத்தில் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. நாலு எருமைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரையிலேயே விழுந்தன. மயில்துத்தத்தைக் கொட்டிப் பச்சைப்பாசியைக் கொன்றுவிடலாம் என்று கிராமசபையில் பேச்சு வந்தபோது ரேணு எழுந்து நின்றாள்.

"மருந்து போட்டா பச்சையும் சாவும், மீனும் சாவும். அடுத்த மாசம் பச்சை மட்டும் திரும்பி வரும்."

"பின்ன இன்னாதான் பண்ண சொல்ற?" என்று கேட்டாள் ஊராட்சித் தலைவர் மணியம்மாள்.

"அதுக்கு ஒரு எதிரிய உள்ள விடலாம்."

கூட்டம் சிரித்தது. பாசிக்கு எதிரியாம், வாள் கொடுத்து அனுப்பப் போகிறாளாம். ரேணு அசரவில்லை. ஏரிக்குள் நடப்பது வெட்டுக்குத்துதான், நம் கண்ணுக்குத் தெரியாததால் அமைதி என்று நினைத்துக்கொள்கிறோம் என்று விளக்கினாள். அங்கே எல்லாருக்கும் வேண்டியது இரண்டு: வெயில், சாப்பாடு. பச்சைப்பாசி தன் உடம்புக்குள் காற்றுப் பை வைத்திருக்கிறது. மிதந்து மேலே வந்து, வெயில் முழுவதையும் தானே குடித்துவிட்டு, கீழே இருப்பவர்களை இருட்டில் சாகவிடுகிறது. கண்ணாடிப்பாசிக்கு அதைவிட வேகமாகச் சாப்பிடத் தெரியும். ஆனால் கூடு கட்டச் சத்து வேண்டும். ஏரியில் அது தீர்ந்துபோய்விட்டது. உமிச் சாம்பலில் அது மூட்டை மூட்டையாக இருக்கிறது. போட்டு, தினமும் தண்ணீரைக் கலக்கிவிட்டால் போதும்.

உமிச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ரேணுவின் கணவன் ராஜமாணிக்கம் லாரி ஓட்டுகிறவன். ஆரணிப் பக்கத்து ரைஸ் மில்களில் மலையாகக் குவிந்துகிடக்கும் சாம்பலை அள்ளிக்கொண்டு போய்ச் செங்கல் சூளைகளில் கொட்டுவதுதான் அவன் பிழைப்பு. தினமும் பத்து மூட்டையை ஏரிக்கு ஒதுக்கினான். பாசியைப் பற்றி அவனுக்கு ஓர் இழவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. "என் பொண்டாட்டி சொல்லிட்டா, போடறேன்" என்பான். விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சாம்பலைத் தூவி, மூங்கில் கழியால் கலக்கிவிட்டு வருவான். ஐம்பது நாள். தண்ணீர் முதலில் டீ நிறமானது. பிறகு ஒரு காலையில் அடிச்சேறு வரைக்கும் தெளிந்துவிட்டது. சிரித்தவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். பச்சை திரும்பி வந்துவிடக் கூடாதென்று ராஜமாணிக்கம் சாம்பலை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை பௌர்ணமிக்கு யாத்ரீகர்கள் குளிக்கப் படித்துறையைத் திறந்துவிடுவதாக மணியம்மாள் அறிவித்தாள்.

இப்போது போய், என் பாசி பெரிதாகிறது என்று யாரிடம் சொல்வது? எந்த வாயால் சொல்வது? வெட்கமாக இருந்தது ரேணுவுக்கு. வெட்கத்தைவிட வீம்பு அதிகமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நுண்ணோக்கி தேவைப்படவில்லை. பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, அடியில் கடுகளவில் ஏழெட்டு மினுங்கின. உருட்டினால் ஒன்றோடொன்று மோதி, மெல்லிசான கண்ணாடி வளையல்கள் உரசுவது போல ஒரு சத்தம். சாயிராவும் அதைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அக்கா, இதை யாருக்காச்சும் எழுதலாமா?"

"எழுதலாம். நாளைக்கு இன்னொரு பாட்டில் எடுத்துப் பாத்துட்டு எழுதலாம்."

செவ்வாய்க்கிழமை கடுகு. புதன்கிழமையும் கடுகு, ஒன்றிரண்டு ஜவ்வரிசி. பயம் கொஞ்சம் தணிந்தது. வளர்ச்சி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் அவள் செய்த தப்பு அதுதான். எண்ணுகிற வேலையில் இருப்பவர்கள் மட்டும் செய்கிற தப்பு. அவள் பாட்டிலின் வாய் ஒரு ரூபாய்க் காசின் அகலம்கூட இல்லை. அந்த வாய்க்குள் நுழைய முடிந்தது மட்டும்தான் அவள் கணக்குக்குள் வந்தது.

புதன்கிழமை மாலை ராஜமாணிக்கம் வாசற்படியில் உட்கார்ந்து காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். இரண்டு முழங்காலிலும் மெல்லிய கீறல்கள், ஒரே இடைவெளியில், கோடு கோடாக.

"இன்னாங்க இது?"

"தெரில. தண்ணில எதுவோ தட்டுது. குனிஞ்சி பாத்தா ஒண்ணும் கெடையாது. கையால தள்ளினா வழவழன்னு இருக்கு." அவன் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். "உன் பாசி ஏதாச்சும் கடிக்குமா ரேணு?"

"பாசி எங்கயாச்சும் கடிக்குமா? கல்லு ஏதாவது இருக்கும்."

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்குப் போக வேண்டாம் என்று நாலு வார்த்தை. அவன் காரணம் கேட்பான். காரணம் சொன்னால் ஊருக்குத் தெரியும். சனிக்கிழமை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். அன்று இரவு அவன் நன்றாகத் தூங்கினான், அவள் தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, திங்கட்கிழமைப் பாட்டிலை அவள் மேசையிலிருந்து தூக்கினாள். அடி மேசையிலேயே தங்கிவிட்டது.

உடையவில்லை. சத்தமே இல்லை. வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோயிருந்த பாட்டில் அடி, தூக்கிய வேகத்தில் கழன்று வந்துவிட்டது. தண்ணீர் மேசையில் பரவியது. அதன் நடுவில் ஒன்றே ஒன்று உட்கார்ந்திருந்தது. படகு வடிவம், சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் வரிசை வரிசையாகப் புள்ளிகள். மற்றவை இல்லை. பாட்டிலின் கண்ணாடியைத் தின்றிருக்கிறது, கூட இருந்தவர்களின் கூட்டையும் தின்றிருக்கிறது. பாட்டிலுக்குள் பட்டினி கிடந்ததே இந்த அளவு என்றால்.

ஏரியில் பட்டினி இல்லை. தினமும் பத்து மூட்டை.

ரேணு ராஜமாணிக்கத்துக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தாள். மறுபடியும்.

"எங்கக்கா போறீங்க?" என்று சாயிரா கத்தியது படிக்கட்டில் பாதி தூரத்தில் காதில் விழுந்தது.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மலை இடப்பக்கமாகவே கூட வந்தது. வெயில் முதுகைச் சுட்டது. ஏரிக்கரையில் லாரி நின்றிருந்தது. இன்ஜின் ஆறிக்கிடந்தது. சாம்பல் மேல் போட்ட பச்சை நிழல்வலையும் தார்ப்பாயும் ஓர் ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. படித்துறையில் ஒரு மூட்டை வாய் திறந்து பாதி காலியாகக் கிடந்தது. பக்கத்தில் அவன் செருப்பு, ஜோடியாக.

"ஏங்க!"

காற்று இல்லை. தண்ணீரில் வாசனை இல்லை. சேற்றுவாசனை, மீன்வாசனை, பாசிவாசனை எதுவுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் பாத்திரம் போல ஏரி சும்மா கிடந்தது. ஒரு தவளைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

முதலில் நிழல்கள்தான் தெரிந்தன. உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த சூரியன் ஏரியின் அடிச்சேற்றில் புள்ளிகளைப் போட்டிருந்தது. வரிசை வரிசையான புள்ளிகள், கரைக்குக் கரை, யாரோ ஏரி முழுவதற்கும் புள்ளிக்கோலம் போடத் தொடங்கியது போல. நிழலை விழவைக்கிற பொருள் எதுவும் மேலே காணோம். அவள் தலையைச் சாய்த்தாள். அப்போது விளிம்புகள் தெரிந்தன. கண்ணாடி விளிம்புகள். கட்டில் நீளத்துக்கு. நூறு, இருநூறு. தெளிந்த தண்ணீரில் தெளிந்த கண்ணாடி. இத்தனை நாளாக இவற்றின் நடுவில்தான் அவன் இறங்கிக் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவற்றில் ஒன்றில் மட்டும் நிறம் இருந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கி.

படித்துறையின் ஐந்தாவது படியில், தண்ணீருக்குள், அது சரிந்து கிடந்தது. உள்ளே ராஜமாணிக்கம் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். மூடி அவன் இடப்பக்கம், அடி அவன் வலப்பக்கம். கண் திறந்திருந்தது.

கண் இமைத்தது.

ரேணு தண்ணீரில் விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இடுப்பளவு நனைந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில். உயிரோடு இருக்கிறான். கண்ணாடியின் உள்சுவரில் குட்டிக் குட்டியாகக் குமிழிகள் மணிமணியாகக் கிளம்பி, அவன் மூக்கைச் சுற்றி ஒரு பந்தாகக் கூடி நின்றன. வெயிலைக் குடித்து அது விடுகிற மூச்சு. அதைத்தான் அவன் இழுத்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. ரேணு என்றுதான் சொல்லியிருப்பான்.

"இருங்க. இருங்க. தோ வந்துட்டேன்."

லாரியிலிருந்து கடப்பாரையை இழுத்து வந்தாள். ஓங்கி ஒரு குத்து. கோயில் மணியை நாலடியில் நின்று கேட்பது போல ஏரி முழுவதும் அதிர்ந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. அவள் அடுத்ததற்கு ஓங்குவதற்குள் கீறல் ஆறிவிட்டது. உள்ளே அவன் காதைப் பொத்திக்கொண்டு வாயைப் பிளந்து கத்தினான். காது ஓரம் ரத்தம் இழையாக ஓடியது. அவள் கடப்பாரையைப் போட்டுவிட்டாள்.

மணியம்மாளுக்குப் போன் செய்தாள். "தலைவரம்மா, ஆளுங்கள கூட்டிட்டு மூங்கிலேரிக்கு வாங்க. இவர் தண்ணில மாட்டிக்கினாரு."

"ஐயோ, இன்னாடி சொல்ற? மீட்டிங்ல கீறேன், தோ கிளம்பறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அந்தக் கோடு விழுந்திருந்தது.

மெல்லிய வெள்ளைக் கோடு. கண்ணாடிப் பெட்டியின் தலையிலிருந்து கால் வரைக்கும், சரி நடுவில். அவன் நெற்றி வழியாக, மூக்குத்தண்டு வழியாக, மோவாய் வழியாக. இந்தக் கோட்டை நுண்ணோக்கிக்குள் லட்சம் தடவை பார்த்திருக்கிறாள். பாசி பிரியத் தொடங்கும்போது முதலில் தெரிவது இதுதான்.

வேண்டாம்.

வெயில்தான் இதைச் செய்கிறது. வெயிலை நிறுத்தினால் பிரிவது நிற்கும். தார்ப்பாயை இழுத்து வந்து தண்ணீர்மேல் விரித்தாள். இருட்டு. குனிந்து பார்த்தாள். கோடு நின்றுவிட்டது. குமிழிகளும் நின்றுவிட்டன. உள்ளிருந்து சத்தம். தப். தப் தப். உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டுகிறான். மார்பு ஏறி இறங்குகிறது, காற்று இல்லை. உதடு நீலம். தப்.

தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தாள்.

குமிழிகள் கிளம்பின. அவன் இழுத்து மூச்சு விட்டான். கோடும் கிளம்பியது.

"நான் கொண்டுவந்த சனியன்தானே நீ," என்று அவள் ஏரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "எனக்கே காட்டறியா? பாக்கலாம்."

நிழல்வலை. சாம்பல் பறக்காமல் இருக்க அவன் போடுகிற பச்சை வலை. பாதி வெயிலை விடும், பாதியைத் தடுக்கும். ஒவ்வொரு பாசிக்கும் ஒரு வெளிச்ச அளவு இருக்கிறது. அந்த அளவில் அது வளராது, சாகவும் செய்யாது. பாட்டில் பாட்டிலாக அவள் அளந்திருக்கிறாள். அதைப் பிடித்துவிட்டால் போதும். அவள் லாரிக்கு ஓடினாள். வலை ஒரு கொக்கியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள். கிழித்தாள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று நிமிடம். நாலு.

திரும்பி வந்தபோது பெட்டி பிளந்திருந்தது.

ஊறவைத்த பருப்பு இரண்டாகப் பிரிகிற மாதிரி, சுத்தமாக. ரத்தம் இல்லை. ஒரு பாதி மூடியோடு, ஒரு பாதி அடியோடு. இரண்டின் வெட்டுவாயிலும் புதுக்கண்ணாடி வளர்ந்து மூடிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் பாதி பாதியாக இருந்தான். அவள் கண்ணை மூடினாள். எண்ணுகிறவள் கண்ணை மூடக் கூடாது. திறந்தாள்.

இல்லாத பாதி வந்துகொண்டிருந்தது. பால்மேல் ஆடை கட்டுவது போல, கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக. முதலில் வெள்ளை. பிறகு தோல் நிறம். பிறகு காது. பிறகு ஒரு கண். அந்தக் கண் திறந்து அவளைப் பார்த்தது.

இரண்டு ராஜமாணிக்கம்.

ஒருத்தனுக்கு இடது கையில், சைலன்ஸர் சுட்ட தழும்பு. வலது கையில் மயிர்கூட இல்லை. இன்னொருத்தனுக்கு வலது தோளில், மூட்டை தூக்கிக் காய்த்த தடிப்பு. இடது தோள் வழவழ. இருவர் லுங்கியிலும் பாதி நீலக் கட்டம், மீதிப் பாதியில் கட்டம் இல்லை. வரிசை வரிசையாகப் புள்ளிகள். இருவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்து வாயசைத்தார்கள். ரேணு. புதுப்பக்கத்து உதடு அரை நொடி பிந்தி அசைந்தது.

அவள் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். வலையை விரித்தாள்.

கணக்கு அவளுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, அடுத்தது நாலு. பழைய பாதி எப்போதும் இரண்டே இரண்டுதான். நாலு ஆகும்போது, அந்த நாலில் இரண்டு பேரிடம் அவன் துளிகூட இருக்க மாட்டான். முகம் மட்டும் இருக்கும். எட்டு, பதினாறு. அவனைப் போலவே சிரிக்கிற கும்பலில் அவனைத் தேட வேண்டியிருக்கும். அது நடக்கக் கூடாது. இரண்டோடு நிற்க வேண்டும்.

ஐந்தாவது படியில் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்றாள். வலையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். ஏற்றினால் குமிழிகள் ஓடின, இரண்டு நெற்றியிலும் வெள்ளைக்கோடு துளிர்த்தது. தாழ்த்தினால் தட்டினார்கள், நாலு கை. ஏற்றினாள். தாழ்த்தினாள். கொஞ்சம் ஏற்றினாள்.

அதுதான் அளவு. கோடு நின்றது. தட்டலும் நின்றது.

கை நடுங்கக் கூடாது.

கரையில் ஆட்கள் சேர்ந்தார்கள். மணியம்மாள் மூச்சிரைக்க வந்தாள். தண்ணீருக்குள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ரேணு... ரெண்டு கீது."

"தெரியும். எறங்கி வந்து வலையோட அந்த மூலைய புடிங்க."

மணியம்மாள் செருப்பைக் கழற்றினாள். முதல் படியில் கால் வைத்தாள். மறுபடியும் செருப்பைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள். யாரும் இறங்கவில்லை. ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான், பிறகு அவனே இறக்கிவிட்டான்.

"வெளிய வந்துடு ரேணு. அது உன் புருசன் இல்ல."

"பாதி இருக்காரு. ரெண்டுலயும் பாதி இருக்காரு." தொண்டை கிழியக் கத்தினாள். "நீங்க யாரும் எறங்க வேணாம். பௌர்ணமிக்குக் கட்டியிருக்கிற லைட்டெல்லாம் அவுத்துக் கொண்டாந்து கரைல நட்டுடுங்க. பொழுது சாஞ்சா வெளிச்சம் வேணும், இல்லன்னா மூச்சு முட்டிடும். நான் நிக்கறேன். நாளைக்கும் நிப்பேன். இதுவா நானான்னு பாத்துடறேன்."

யாரோ ஓடினார்கள். லைட் கொண்டுவரவா, ஊரை விட்டுப் போகவா, அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் வலை சரியும்.

சூரியன் நேர் உச்சியில். அவள் நிழல் அவள் காலடியிலேயே இருந்தது. தோள் எரிந்தது. கீழே இரண்டு முகங்கள் அவளையே பார்த்தன. சிரித்தன. பாதிச் சிரிப்பு அவளுக்குப் பழகியது. பாதி தெரியாதது.

கணுக்காலில் சில்லென்று ஏதோ பட்டது.

வழவழ. ஒரு விளிம்பு. இரண்டு காலையும் சேர்த்து வளைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், சேற்றிலிருந்து ஏறியது. ஆடுதசை. அதன் வரிசைப் புள்ளிகள் தோலில் ஒவ்வொன்றாகப் பதிவதை அவளால் எண்ண முடிந்தது. காலை எடுத்தால் படி மாறும். படி மாறினால் வலை மாறும்.

முழங்கால்.

அவள் காலை எடுக்கவில்லை. தோள் தளர்ந்து இறங்கியிருந்த வலையை இரண்டு விரற்கடை தூக்கி, அதே அளவில் பிடித்துக்கொண்டாள்.